யார் இழுத்த வயர்? யார் போட்ட கையெழுத்து?

புத்ராஜெயாவின் இரண்டாவது பிரிசிங்கில், மேலே அகன்று கீழே குறுகி நிற்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்று உண்டு. வைரக் கட்டடம் என்று பெயர். 2010-இல் கட்டி முடிக்கப்பட்ட இது எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் கட்டடம் என்று ஆசியான் அளவில் பரிசும் வாங்கியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் யார் வயரிங் செய்யலாம், எந்த வேலைக்கு யார் பொறுப்பு, வேலை முடிந்ததும் யார் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையெல்லாம் கண்காணிப்பது இங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள்தான்.

இந்த நகரம் எழுவதற்கு முன் இங்கே தோட்டங்கள் இருந்தன. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் திறந்த பிராங் பெசார் தோட்டம் அவற்றில் பெரியது. அங்கே உருவாக்கப்பட்ட ‘பிபி’ வகை ரப்பர் மரங்கள் பல நாடுகளில் இன்றும் பால் சுரக்கின்றன. 1993-இல் அரசாங்கம் புதிய நிர்வாகத் தலைநகருக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய ஏறக்குறைய 400 குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறின. அவர்களுக்குக் கிடைத்த இடம் பக்கத்திலேயே டெங்கில். தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகள்.

அந்த அடுக்குமாடிகளின் சுவர் விரிசலும், சொந்தமாகத் தரைவீடு கேட்டு அந்த மக்கள் நடத்திய நீண்ட போராட்டமும் தமிழ்ப் பத்திரிகைகளில் பலமுறை வந்தவை. சுவர் விரிந்தால் கண்ணுக்குத் தெரியும். சுவருக்குள் வயரின் உறை இற்றுப்போனால் தெரியாது. பால் மரத்தையும் லயத்தையும் விட்டு அடுக்குமாடிக்கும் மலிவு விலைத் தாமானுக்கும் வந்த நம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தங்கள் வீட்டுக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றி எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் எந்தத் தாளைக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. டெங்கிலை முன்வைத்துச் சொன்னாலும் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இதே கதைதான்.

இரண்டு தாள்கள்

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டமும், அதன் கீழ் வந்த 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளும் அடித்தளம். புதிதாக வயரிங் செய்வதானாலும், பழைய வயரை மாற்றுவதானாலும், இருப்பதோடு கூடுதலாக இழுப்பதானாலும், மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். நம் வட்டாரத்தில் அது தெனாகா நேஷனல், அதாவது டிஎன்பி. வீட்டுக்காரர் நேரே போய் இதை வாங்க வேண்டியதில்லை. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின் குத்தகையாளர் உங்கள் சார்பில் விண்ணப்பிப்பார். எத்தனை விளக்கு, எத்தனை பிளக் பாயிண்ட், ஏர்கோன் எங்கே, வாட்டர் ஹீட்டர் எங்கே, மொத்தம் எவ்வளவு சுமை என்ற கணக்கையும் வரைபடத்தையும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

வயரை இழுக்கும் வேலை, தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். வயர்மேன் சான்றிதழிலும் வகைகள் உண்டு. ஒருமுனை மின்சாரத்துக்கு மட்டும் என்று ஒன்று, மும்முனைக்கும் சேர்த்து ஒன்று. சோதனை செய்து சான்று தரும் அதிகாரம் எல்லாருக்கும் கிடையாது. அந்த அங்கீகாரமும் சேர்ந்த சான்றிதழ் தனி. தாமான் வீட்டுக்கு ஒருமுனை வயர்மேன் போதும். மும்முனை மீட்டர் உள்ள கடைக்கு அவர் கை வைக்கக் கூடாது.

வேலை முடிந்த பிறகுதான் முக்கியமான கட்டம். இரண்டு பாரங்கள் நிரப்பப்பட வேண்டும். ஒன்று ஜி பாரம்: இந்த வேலையை நான் மேற்பார்வையிட்டேன், விதிப்படி முடிந்திருக்கிறது என்று வயர்மேன் கையெழுத்திடுவது. மற்றது ஹெச் பாரம்: நான் சோதித்தேன், மின்சாரம் கொடுக்கலாம் என்று உறுதி சொல்வது. இந்த இரண்டும் இல்லாமல் புதிய வீட்டுக்கு டிஎன்பி மீட்டர் மாட்டாது.

சோதனை என்றால் சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது இல்லை. வயர் நடுவில் அறுபடாமல் போகிறதா, லைவ் இருக்க வேண்டிய இடத்தில் லைவும் நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் நியூட்ரலும் இருக்கின்றனவா, எர்த் கம்பி மண்ணோடு ஒழுங்காகத் தொடர்பில் இருக்கிறதா, கசிவு கண்டால் மின்சாரத்தை அறுக்கும் இஎல்சிபி குறித்த நேரத்துக்குள் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வயரின் மேலுறை தாங்குமா என்பதை 500 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். அளவு ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயர் தேறாது. இந்த எண்களெல்லாம் ஹெச் பாரத்தோடு இருக்க வேண்டும்.

இந்தத் தாள்களை எத்தனை வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? வீட்டு மனைப் பத்திரத்தைப் பத்திரமாக வைப்போம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை உறை போட்டு வைப்போம். உயிர் சம்பந்தப்பட்ட இந்த இரண்டு தாள்களை மட்டும் குத்தகையாளரின் கோப்பில் விட்டுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு பால் காய்ச்சப் போய்விடுகிறோம்.

அரை நொடியில் நடப்பது

சட்டம் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பழைய 60 வாட் குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் கூட, ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர். மனித உடலில் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே விரல்கள் இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகும். 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில். ஒரு பல்பை எரிக்கும் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கு போதும், ஒரு குடும்பம் தலைமகனை இழக்க.

‘அதுதான் பியூஸ் இருக்கிறதே’ என்று சொல்பவர்கள் உண்டு. பியூஸும் எம்சிபியும் வயரைக் காப்பாற்ற வந்தவை. மனிதரைக் காப்பாற்றுவது அவற்றின் வேலை இல்லை. நம் நாட்டில் தரைவீடுகளுக்கு டிஎன்பி எர்த் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்க வேண்டும். அந்தக் கம்பிக்கு 10 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். வாஷிங் மெஷினின் இரும்பு உடம்பில் லைவ் வயர் பட்டால் மண்ணுக்குப் போகும் மின்னோட்டம் 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்சிபி அசையாது. மெஷினின் மேலே மின்சாரம் அப்படியே நிற்கும், அடுத்துத் தொடுபவருக்காக. இந்த இடைவெளியை மூடத்தான் இஎல்சிபி என்று நாம் இன்னும் பழைய பெயரில் அழைக்கும் ஆர்சிசிபி வந்தது. போன மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது இடைவிடாமல் பார்க்கிறது. எங்கோ கசிகிறது என்று தெரிந்த கணமே, அரை நொடிகூட ஆகாமல், அறுத்துவிடுகிறது.

1994 விதிமுறைகள் இதற்கு அளவும் வைத்திருக்கின்றன. குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர். கையில் பிடித்து வேலை செய்யும் பொருள்களுக்கான பிளக் பாயிண்டுகளுக்கு 30. மற்றவற்றுக்கு 100. பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கும் குளியலறைக்குச் சொன்ன அதே 10 மில்லி ஆம்பியர் கண்டிப்பு. தீபாவளி நேரத்தில் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடை போடுபவர்களும், திருவிழாவுக்குக் கொட்டகை போட்டு வரிசை விளக்கு தொங்கவிடும் ஆலய நிர்வாகங்களும் இதை மனத்தில் இருத்த வேண்டும். தற்காலிக இணைப்புக்கும் குத்தகையாளர் வேண்டும், சோதனை வேண்டும், கையெழுத்து வேண்டும். மழையில் நனைந்த தார்ப்பாயின் கீழ் இரும்புக் கம்பத்தில் சுற்றிய வயர், நிரந்தர வீட்டு வயரைவிட ஆபத்தானது.

இடி இடித்தால் விழுகிறது

விதி இருந்தும் ஏன் தவறுகிறது? கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு விடை தெரியும். உலகிலேயே அதிகம் இடி முழங்கும் வட்டாரங்களில் நம்முடையது ஒன்று. ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடிச்சத்தம் கேட்கிறது. மாலை நான்கு மணிக்குக் கருத்துக்கொண்டு வந்து ஒரு மின்னல் வெட்டினால் இஎல்சிபி விழுந்துவிடும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஐஸ்பெட்டியில் இருக்கும் மீனும் இறைச்சியும் கெட்டுப்போகும். இப்படி நாலு முறை நடந்ததும், ‘இந்த சனியனை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடு’ என்று வீட்டுக்காரரே கேட்கிறார். தெரிந்த பையன் ஒருவன் வந்து பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டும் போகிறான். அன்றிலிருந்து இஎல்சிபி விழுவதே இல்லை. வீட்டில் நிம்மதி.

அந்த நிம்மதியை நான் அஞ்சுகிறேன். இஎல்சிபி அடிக்கடி விழுந்தால் அதற்குக் காரணம் உண்டு. இடியாக இருக்கலாம், அப்படியானால் மின்னலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் தடுப்புக் கருவியும், விழுந்த பிறகு தானே சோதித்து மீண்டும் ஏறும் வகை இஎல்சிபியும் கடைகளில் இருக்கின்றன. வாட்டர் ஹீட்டர் கசிவாக இருக்கலாம். அதுவென்றால் இஎல்சிபி தன் கடமையைச் செய்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கச் சோதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குக் கொடுக்கும் கூலி, கெட்டுப்போன மீனின் விலையைவிட அதிகமாக இருக்கலாம்தான். உயிரின் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டிய கூலி அது.

தோட்டத்து வெளிச்சம்

கேட்கும் பழக்கம் நமக்கு ஏன் இல்லை என்பதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இந்த நாட்டுக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒரு தமிழர் இருக்கிறார். 1894-இல் ரவாங்கில், தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின் ஜெனரேட்டர் வைத்த இருவரில் ஒருவர் லோக் யூ. இன்னொருவர் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். முதலில் வெளிச்சம் பார்த்த இனங்களில் ஒன்று நம்முடையது என்று பெருமைப்படலாம்.

ஆனால் தோட்டத்துத் தமிழனுக்கு அந்த வெளிச்சம் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு ஜெனரேட்டர் வந்தபோதும் இரவில் சில மணி நேரந்தான். ஆபீசிலிருந்து அணைத்தால் அணைந்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் முதலாளி தர வேண்டும் என்று தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் சொல்வதும் 1990-ஆம் ஆண்டுச் சட்டந்தான். வயர் தோட்டத்துடையது, விளக்கு தோட்டத்துடையது, பழுதானால் கிராணியிடம் சொல்ல வேண்டும், அவர் ஆள் அனுப்பும்போது வரும். அதில் வீட்டுக்காரருக்குக் கேள்வி கேட்க இடமே இல்லை.

அப்படி வாழ்ந்தவர்கள் டெங்கிலுக்கும் பூச்சோங்கிற்கும் காப்பாருக்கும் வந்து சேர்ந்தபோது, மீட்டர் அவர்கள் பெயரில் மாறியது. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் ஓடும் ஒவ்வொரு அடி வயருக்கும் அவர்களே பொறுப்பாளிகள் ஆனார்கள். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பெர்மிட் என்றால் என்ன, சான்றிதழ் பெற்ற வயர்மேன் யார், ஜி பாரம் எங்கே கிடைக்கும் என்று தமிழில் எழுதிய ஒரு துண்டுத்தாள்கூட அந்தச் சாவியோடு கைக்கு வந்து சேரவில்லை.

இரண்டு கதவுகளுக்கு நடுவே

டெங்கில் செப்பாங் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்ட வேண்டும் என்றால் அங்கே போய்ப் பெர்மிட் எடுக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது சுவர், தூண், கால்வாய், பக்கத்து வீட்டுக்கு விட வேண்டிய இடைவெளி. நீட்டிய சமையலறையில் போடும் மின் அடுப்பும், பெரிய ஐஸ்பெட்டியும், பாத்திரம் கழுவுமிடத்துக்கு மேலே வைத்த பிளக் பாயிண்டும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. மின்சாரத்துக்கு வேறு சட்டம், வேறு கதவு. பிரிக்பீல்ட்ஸ் என்றால் கோலாலம்பூர் மாநகர் மன்றம், கிள்ளான் என்றால் 2024-இல் மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றம். கட்டடத்துக்கு ஊருக்கு ஓர் அலுவலகம். மின்சாரத்துக்கு எல்லா ஊருக்கும் டிஎன்பியும் எரிசக்தி ஆணையமும். மேஸ்திரி முதல் கதவைத் தட்டிப் பெர்மிட் வாங்கிவிடுகிறார், இல்லாவிட்டால் மஜ்லிஸ் வந்து இடித்துவிடும். இரண்டாவது கதவைத் தட்டுவதில்லை. சுவர் எழும்போதே கூட்டத்தில் ஒருவர் பக்கத்து அறையின் பிளக்கிலிருந்து வயரை இழுத்துச் சாந்து பூசிவிடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் அழகான சமையலறை.

புதுக் கட்டடங்களில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. 2007 ஏப்ரல் வரை, கட்டடம் குடியிருக்கத் தகுந்தது என்ற சிஎஃப் சான்றிதழை ஊராட்சி அலுவலகம் கொடுத்தது. அதன் பிறகு சிசிசி முறை வந்தது. கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ தன் பெயரில், தன் பொறுப்பில் அந்தச் சான்றிதழைத் தர வேண்டும். மின் வேலை உட்பட ஒவ்வொரு பகுதியைச் செய்தவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். 1990-களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு இந்த வசதி கிடையாது.

அந்த வீடுகள் கட்டப்பட்டபோது ஒரு குடும்பத்தின் மின்பொருள் என்ன? நாலைந்து விளக்கு, இரண்டு காற்றாடி, ஒரு தொலைக்காட்சி, ஒரு ஐஸ்பெட்டி. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பிளக்குக்கு 2.5. அன்றைக்குப் போதும். இன்றைக்கு அதே வீட்டில் அறைக்கொரு ஏர்கோன், குளியலறையில் வாட்டர் ஹீட்டர், ஏர் ஃபிரையர், வாஷிங் மெஷின். உடனடி வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் அது மட்டும் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கிறது. 13 ஆம்பியர் பிளக்கில் சொருகக்கூடிய பொருள் இல்லை அது. அதற்குத் தடித்த தனி வயர், தனி சுவிட்ச், 10 மில்லி ஆம்பியர் இஎல்சிபி எல்லாம் வேண்டும். கடைக்காரர் ஹீட்டரை விற்கும்போதே ‘இலவசமாக மாட்டித் தருகிறோம்’ என்கிறார். மாட்டுபவரிடம் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹீட்டரின் மேல் சிரிம், எரிசக்தி ஆணைய ஒட்டுத்தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் மலிவாக வாங்கும் எக்ஸ்டென்ஷன் வயருக்கும் இது பொருந்தும். வீடுகள் தீப்பிடிக்கும்போது பொம்பா வீரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் மின்கசிவு என்பதை நாம் செய்தியில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

டெங்கிலுக்கு இன்னொரு தொல்லை, லங்காட் ஆறு. 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் இந்த வட்டாரத்து வீடுகள் பல தண்ணீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் நம் ஆட்கள் முதலில் செய்வது சேற்றை வாரிவிட்டு மெயின் சுவிட்சைத் தூக்குவது. சுவருக்குள்ளும் பிளக் பெட்டிக்குள்ளும் ஈரமும் சேறும் இருக்கும்போது தூக்குவது உயிரோடு விளையாடுவது. வெள்ளம் ஏறும் என்று தெரிந்ததுமே மெயினை இறக்கிவிட வேண்டும். வடிந்த பிறகு, பிளக் பாயிண்டுகளைத் திறந்து காயவைத்து, நான் மேலே சொன்ன அந்த 500 வோல்ட் சோதனையைச் செய்து பார்த்த பிறகே தூக்க வேண்டும். டிஎன்பியின் 15454 எண் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது. வாசலில் அறுந்து கிடக்கும் வயரைக் கண்டாலும் அதே எண்தான்; நீங்கள் கிட்டே போகாதீர்கள்.

டெங்கில் முக்கிமுக்குள்தான் சைபர்ஜெயாவும் இருக்கிறது. அங்கே கணினித் தரவு மையங்கள் ஒரு சிற்றூருக்கு ஆகும் மின்சாரத்தை ஒரே கட்டடத்தில் விழுங்குகின்றன. அவற்றுக்குச் சட்டம் வைத்திருக்கும் காவலைப் பாருங்கள்: சான்றிதழ் பெற்ற சார்ஜ்மேன் பொறுப்பில் இருக்க வேண்டும், தகுதிபெற்ற பொறியியலாளர் குறித்த காலத்தில் வந்து பார்க்க வேண்டும், பாதுகாப்புக் கருவிகளைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அதே முக்கிமில், முப்பது ஆண்டு நெருங்கும் அடுக்குமாடியில், மீட்டர் ஏறிய நாளுக்குப் பிறகு உள்ளே ஓடும் வயரைப் பார்க்க எந்த அதிகாரியும் கதவைத் தட்டுவதில்லை. இயந்திரத்துக்குக் கிடைக்கும் அக்கறை குழந்தைகள் தூங்கும் வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

செய்துகாட்டியவர்கள்

பக்கத்து சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முன் கட்டிய வீடுகள் பல அது இல்லாமலே இருந்தன. அந்த நாட்டு எரிசக்தி அமைப்பு, எல்லாக் குடியிருப்புக்கும் இதைக் கட்டாயமாக்கி 2023 ஜூலையில் விதி கொண்டுவந்தது. இரண்டாண்டு அவகாசம் கொடுத்தது. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர்களுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்றது. சட்டம் போட்டுவிட்டு ஏழையின் தலையில் செலவைக் கட்டிவிட்டுப் போகவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இங்கிலாந்தில் 2020-இல் வந்த விதி வாடகை வீடுகளைப் பற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தகுதிபெற்றவர் வயரிங்கைச் சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் குடியிருப்பவர் கையில் வீட்டுச் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும். நம் பள்ளத்தாக்கில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! ஹீட்டரைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று சொன்னால், ‘செருப்புப் போட்டுக்கொண்டு குளி’ என்று பதில் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுரீர் ஓர் எச்சரிக்கை. எர்த் அறுந்திருக்கலாம், இஎல்சிபி டைரக்டாக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே அந்த சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மேலே சொன்ன தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் என்றிருந்தது, 2020 ஜூனிலிருந்து எல்லாத் துறைக்கும் விரிந்தது. தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் முதலாளி ஆள் தங்கவைக்கக் கூடாது. மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். வெளிநாட்டுத் தொழிலாளி தூங்கும் அறையை அரசாங்கம் போய்ப் பார்க்க முடியும் என்றால், மலிவு விலை அடுக்குமாடியின் டிபி என்ற மின் விநியோகப் பெட்டியையும் திறந்து பார்க்க முடியும்.

ஆளும் நம்மிடம் உண்டு. வயர்மேன் வேலை நம் பையன்கள் பலர் இயல்பாகப் பழகிய தொழில். அண்ணனோடு சைட்டுக்குப் போய்க் கத்துக்கொண்டவர்கள், கை சுத்தமானவர்கள், வயரைத் தொட்டே குறை சொல்லக்கூடியவர்கள். சான்றிதழ் மட்டும் இருக்காது. தேர்வுக்கு மலாயில் படிக்க வேண்டும், விதிமுறைகளை எண்ணோடு மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற தயக்கம். அவர்களைக் குற்றவாளியாகப் பார்ப்பது நியாயமாகாது. தொழிற்பயிற்சிக் கழகங்களில் வயர்மேன் பயிற்சி இருக்கிறது. பழகிய கைக்கு ஒரு சான்றிதழ் சேர்ந்தால் கூலி உயரும், சொந்தமாகக் குத்தகை எடுக்கும் வழி திறக்கும். தமிழ் இளைஞருக்குத் தொழில் திறன் வேண்டும் என்று மேடையில் பேசும் ஒவ்வோர் அமைப்பும், ஒரு தாமானில் பத்துப் பேரைச் சேர்த்துத் தேர்வுக்கு உட்காரவைத்தால் அந்தப் பேச்சுக்குப் பொருள் கிடைக்கும்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரமே டிபி பெட்டியைத் திறந்து, இஎல்சிபியில் ‘டி’ என்று போட்ட பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது, மாதம் ஒருமுறை இப்படியே அழுத்திப் பாருங்கள். விழாவிட்டாலோ, அந்தப் பெட்டியில் இஎல்சிபியே இல்லாவிட்டாலோ, பதிவுபெற்ற குத்தகையாளரை அழையுங்கள். அவர் பெயர் எரிசக்தி ஆணையத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பிள்ளைகளைவிட்டுத் தேடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஜி, ஹெச் இரண்டு பாரங்களின் நகலையும் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பழைய அடுக்குமாடிகளில் இருக்கும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு இதற்குக் கையில் காசு இருக்காது. புத்ராஜெயாவுக்காக நிலத்தை விட்டுவந்தவர்கள் அவர்களில் உண்டு. டெங்கில் தொடங்கிக் கிள்ளான் வரை, இருபது ஆண்டைக் கடந்த மலிவு விலை அடுக்குமாடிகள் ஒவ்வொன்றின் வயரிங்கையும் அரசுச் செலவில் சோதித்து, இஎல்சிபி இல்லாத வீடுகளுக்கு அதைப் பொருத்தித் தரும் திட்டத்தை எரிசக்தி ஆணையமும் சிலாங்கூர் மாநில அரசும் டிஎன்பியும் சேர்ந்து வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கும்வரை குடியிருப்பாளர் சங்கங்கள் அவர்களை விடக் கூடாது.